நன்றி சொல்லவும் எதிரில் ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மனநலத்துக்குப் பெரிதும் துணை நிற்பது நன்றியுணர்வா, நல்ல உறவா?' என்னும் தலைப்பில் 'நல்ல உறவே' என்ற அணிக்காக வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்சும் மெக்கல்லவும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை எடுத்துவைத்தார். வாரம் ஒருமுறையாகப் பத்து வாரங்கள், நன்றி பாராட்டத்தக்க ஐந்து செய்திகள் வரை எழுதிவந்தவர்கள், அன்றாடத் தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையில் நிறைவு கண்டார்கள் என்றார். மறுக்கவில்லை. ஆனால், அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார். நாள்தோறும் வகுப்பில் நாலு பேரோடு பழகுகிறவருக்குக் கிடைத்த பலன், பேச்சுத்துணையே இல்லாதவருக்கும் அப்படியே கிடைக்கும் என்பதற்கு அதில் சான்று எங்கே?

எங்கள் குடியிருப்பில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இன்வெர்ட்டர், மாதாமாதம் பணம், கிழமைவாரியாகப் பிரித்துவைத்த மாத்திரை டப்பா என எதிலும் குறையில்லை. தண்ணீர் கேன் போட வரும் பையனை 'நல்லா இரு ராசா' என்று மனதார வாழ்த்தி, 'ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயேன்' என்பார். கீழே வண்டியில் இன்னும் கேன்கள் இருப்பதால், 'அப்புறம் வரேன் பாட்டி' என்று அவன் படியிறங்கிவிடுவான். அவரிடம் நன்றியுணர்வுக்கா பஞ்சம்? அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து 'இருப்பதை எண்ணி எழுதுங்கள்' என்பது, பிள்ளைகளும் அண்டை வீட்டாராகிய நாமும் செய்ய வேண்டியதை அவர் தலையிலேயே கட்டுவதாகும்.

அமெரிக்க உளவியலாளர் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை அலசியபோது, உறவுப் பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் எனக் கண்டனர். தனிமைப் பிரச்சினைக்கென்றே பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் அமைச்சரை நியமித்தன. நன்றியுணர்வுக்கு அமைச்சர் போட்ட நாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்துப் பேசும் எதிரணித் தலைவர், அமெரிக்க உளவியலாளர் செலிக்மன் குழுவினரின் 2005ஆம் ஆண்டு ஆய்வைக் கையிலெடுக்கக்கூடும். எடுக்கட்டும். அதில், தமக்கு உதவியும் முறையாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தவர்களின் மகிழ்ச்சி ஒரு மாதம் வரை கூடுதலாக இருந்து, மூன்றாம் மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. ஒருமுறை போய்வந்ததோடு அந்தப் பயிற்சி முடிந்துவிட்டது என்பதே இதற்குக் காரணம் என நான் கருதுகிறேன். வேறு காரணம் உண்டென்றால், எதிரணித் தலைவர் இந்த மேடையிலேயே சொல்லட்டும்.