மெதோக் திராட்சைத் தோட்டங்களும் ஜிரோந்த் கழிமுகமும்: மவுண்டன் பைக் பயணம் பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அக்டோபர் மாதத்தில் பிரான்சின் போர்டோ நகருக்குச் செல்லவிருக்கும் நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "போர்டோவுக்கு வடக்கே இருக்கும், ஒயினுக்குப் பெயர்பெற்ற மெதோக் பகுதி முழுவதும் சமவெளி என்கிறார்கள். அங்கே மவுண்டன் பைக் தேவைதானா? திராட்சைத் தோட்டங்களின் வழியாகப் போவது நல்லதா, ஜிரோந்த் கழிமுகத்தின் கரையோடு போவது நல்லதா? கையில் இரண்டு நாட்கள்தான் இருக்கின்றன" என்று அவர் கேட்டிருக்கிறார்.

மவுண்டன் பைக் தேவை என்பதே என் பதில். ஆனால் ஏற்றத்துக்காக அன்று, மண்ணுக்காக. மெதோக்கின் மிக உயர்ந்த மேடு லிஸ்த்ராக் ஊரில் இருக்கிறது. அதன் உயரமே கடல் மட்டத்திலிருந்து 43 மீட்டர்தான். ஆகவே அங்கே கால்வலிக்க ஏறவேண்டிய மலை எதுவும் இல்லை. ஆனால் தார்ச்சாலையை விட்டு இறங்கிய சில நூறு மீட்டருக்குள் சரளைக்கல், மணல், புல்மேடு, வழுவழுப்பான வண்டல் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். சாலை மிதிவண்டியின் மெல்லிய டயர் அங்கே தாங்காது.

தோட்டமா, ஆற்றங்கரையா என்று பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரிவினையை முதலில் விட்டுவிட வேண்டுகிறேன். மெதோக்கில் இவ்விரண்டும் ஒரே கதையின் இரு பாதிகள். கரோன், தொர்தோன் என்னும் இரண்டு ஆறுகள் போர்டோவுக்கு வடக்கே கூடும் இடத்தில் தொடங்கி, அட்லாண்டிக் கடல் வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடப்பதுதான் ஜிரோந்த் கழிமுகம். மேற்கு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய கழிமுகம் அது. பனியுகங்களின்போது பிரனீஸ் மலையிலிருந்தும் நடுபிரான்சின் மேட்டுநிலத்திலிருந்தும் இந்த ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கூழாங்கற்களே மெதோக் இருக்கும் இடது கரையில் தாழ்வான மேடுகளாக நிற்கின்றன. அந்தச் சரளை மேடுகளின் மேல்தான் கபெர்னே சொவிஞோன் என்னும் திராட்சை வளர்கிறது. சரளை மழைநீரைத் தேக்காது. பகலில் வாங்கிய வெயிலைக் காத்து வைத்திருக்கும். தாமதமாகப் பழுக்கும் இந்த வகைக்கு இவ்விரண்டும் மிகவும் தேவை. சுருக்கமாகச் சொன்னால், தோட்டம் நிற்கும் தரையையே ஆறுதான் போட்டுக் கொடுத்திருக்கிறது.

நல்ல திராட்சைத் தோட்டம் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் என்று மெதோக்கில் சொல்வார்கள். இது வெறும் பெருமைப் பேச்சன்று. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் போர்டோ வட்டாரம் முழுவதும் கடும் உறைபனி விழுந்து, இளந்தளிர்கள் கருகிப்போயின. கழிமுகத்தை ஒட்டியிருந்த மெதோக் தோட்டங்களோ பெரும்பாலும் தப்பின. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு தன் அருகிலுள்ள காற்றைச் சட்டென்று குளிரவிடுவதில்லை என்பதே காரணம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: ஆற்றோடு மட்டும் போகாமல், சாலையோடு மட்டும் போகாமல், ஆற்றுக்கும் மேட்டுக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாகச் செல்லுங்கள். டயருக்கு அடியில் சரளை நறநறவென்று அரைபடும் இடங்களில் இருபுறமும் திராட்சை நிற்கும். ஓசை அடங்கிச் சக்கரம் கனக்கத் தொடங்கும் இடத்தில் திராட்சை நின்றுபோய், மாடு மேயும் புல்வெளியும் வடிகாலும் வரும். மீண்டும் இரண்டு மூன்று மீட்டர் ஏறினால் மீண்டும் சரளை, மீண்டும் கொடிகள். இவ்வளவு சிறிய உயர வேறுபாட்டை மகிழுந்தில் போகிறவர் உணரவே முடியாது. பொயாக் ஊருக்கு வடக்கே லஃபீத் தோட்டத்தின் விளிம்பில் பாதை சரிந்து பிரே ஓடையின் ஈரநிலத்தில் இறங்கும். அதைக் கடந்தால் எதிர் மேட்டில் கோஸ் தெஸ்தூர்னேல் என்னும் தோட்டம் நிற்கும். அந்த ஓடைக்கு இப்பால் பொயாக் ஒயின், அப்பால் சேன் எஸ்தேஃப் ஒயின். தெற்கே சேன் ஜூலியேனுக்கும் லத்தூர் தோட்டத்துக்கும் நடுவிலும் இப்படி ஒரு சிற்றோடைதான் எல்லை. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக வகுக்கப்பட்ட செவ்வொயின் தரவரிசையில், ஒன்றைத் தவிர மற்ற எல்லாத் தோட்டங்களும் மெதோக்கைச் சேர்ந்தவை. அந்தப் புகழ்பெற்ற பெயர்களுக்கு இடையிலான எல்லைக்கோட்டை நீங்கள் மிதிவண்டியில் ஒரே நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். எனக்கு இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும்விட நிறைவு தருவது அந்த ஒரு நிமிடம்தான்.

அந்த ஈரநிலங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அவை வெறும் சதுப்பு. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டிலிருந்து வந்த பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி, கரை போட்டு, மதகு வைத்து அவற்றை வடித்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் வேலை செய்கிறது. ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், ஏறும்போது மதகுகள் மூடிக்கொண்டு ஆற்றுநீரை உள்ளே விடாமல் தடுக்கும். ஓதம் இறங்கும்போது திறந்து, வயல்வெளி நீரை ஆற்றுக்குள் விடும். நீங்கள் செல்லும் பல கரைப்பாதைகள் இந்த வெள்ளத்தடுப்புக் கரைகளின் மேலேயே போகின்றன.

இனி எச்சரிக்கைகள். திறந்து கிடக்கிறதே என்று எண்ணித் திராட்சை வரிசைகளுக்குள் வண்டியை விடாதீர்கள். வேலி இல்லாவிட்டாலும் அது தனியார் நிலம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைத் தலைக்கு மேல் பந்தலில் படரவிடுகிறார்கள். மெதோக்கில் கொடியை இடுப்பளவு உயரத்தில் கம்பியோடு கட்டி நிறுத்துகிறார்கள். பெயர்பெற்ற தோட்டங்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் எக்டேருக்குச் சுமார் 10,000 செடிகள் இருக்கும். மவுண்டன் பைக்கின் கைப்பிடியே முக்கால் மீட்டர் அகலம் என்பதால், சற்றுத் தடுமாறினாலும் கொடியை முறித்துவிடுவீர்கள். அங்கே ஓடும் டிராக்டரும் வரிசைக்கு இருபுறமும் கால் விரித்து, கொடியின் தலைக்கு மேலாகவே செல்லும். தோட்டங்களைச் சுற்றியும் ஊடாகவும் போகும் பொது மண்பாதைகளே போதுமான அளவுக்கு இருக்கின்றன. ஒரு முக்கோணமும் அதன் அருகே இரண்டு வட்டங்களும் வரைந்த குறியை எங்கேயாவது கண்டால், அது பிரான்சில் மவுண்டன் பைக் தடத்துக்கான அடையாளம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பாதையோரக் கொடிகளைப் பற்றிப் பேசும்போது, நம் உழவர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடிச்சாம்பல் நோய் அமெரிக்காவிலிருந்து வந்து இந்தத் தோட்டங்களை வாட்டியது. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருப்பதற்காக, சேன் ஜூலியேன் ஊரில் பாதையோர வரிசைகளில் மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்துவைக்கும் வழக்கம் இருந்தது. 1882-இல் அவ்வழியே சென்ற தாவரவியல் பேராசிரியர் மிலார்தே, அந்த வரிசைகளில் மட்டும் இலைகள் உதிராமல் பசுமையாக நிற்பதைக் கவனித்தார். மேலும் ஆராய்ந்து, 1885-இல் அந்த மருந்தை உலகுக்கு அறிவித்தார். தென்னைக்கும் வெற்றிலைக்கும் காப்பிக்கும் நம் ஊர்களில் இன்றும் பயன்படும் போர்டோ கலவை அதுதான். நீங்கள் மிதிக்கப்போகும் பாதைகளின் ஓரத்தில்தான் அது பிறந்தது.

அடுத்து ஓதம். ஜிரோந்தின் நீர் எப்போதும் பழுப்பு நிறமாகவே இருக்கும். அதை அழுக்கு என்று நினைக்க வேண்டாம். ஆற்றுநீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஓதம் அவற்றைக் கடலுக்கு விடாமல் மேலும் கீழுமாக அலைக்கழித்துக்கொண்டே இருக்கிறது. அந்த வண்டல்தான் கரையோரத்தில் பளபளக்கும் சேறாகப் படிகிறது. புகைப்படம் எடுப்பதற்காகக்கூட அந்தச் சேற்றில் இறங்காதீர்கள்; கால் முழங்கால்வரை புதையும், அதற்குள் தண்ணீர் ஏறிவிடும். பிரான்சில் ஒவ்வொரு நாளின் ஓதத்துக்கும் 20 முதல் 120 வரை ஒரு குணக எண்ணை வெளியிடுகிறார்கள்; எண் பெரிதானால் ஓதமும் பெரிது. அந்த எண் 90-ஐத் தாண்டிய நாளில் மேற்குக் காற்றும் பலமாக வீசினால், தாழ்வான கரைப்பாதைகளைத் தவிர்த்துவிட்டு மேட்டுப்பாதையில் செல்லுங்கள். 1999 டிசம்பர் 27 அன்று வீசிய புயலில் நீர் கரைகளைத் தாண்டி ஏறியது. எதிர்க்கரையில் உள்ள பிளாயே அணுமின் நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. ஆற்றோரத்தில் நீண்ட கால்களின் மேல் நிற்கும் கர்லே என்னும் மீன்பிடிக் குடிசைகளில் பலவற்றையும் அந்தப் புயல் அடித்துக்கொண்டு போனது. அவற்றை மீண்டும் கட்டியிருக்கிறார்கள். சதுர வலையைக் கப்பியால் மெதுவாக இறக்கி ஏற்றி இறாலும் மீனும் பிடிக்கும் அந்தக் குடிசைகளை சேன் எஸ்தேஃபுக்கு வடக்கே நிறையக் காணலாம்.

உங்கள் இரண்டு நாட்களை இப்படி அமைத்துக்கொள்ளலாம். முதல் நாள் போர்டோவிலிருந்து வட்டார ரயிலில் மிதிவண்டியோடு மர்கோ நிலையம் வரை சென்று, அங்கிருந்து வடக்கே பொயாக் வரை மிதியுங்கள். சாலைக்கணக்கில் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். நான் சொன்னபடி குறுக்கே புகுந்து சென்றால் கூடுதலாகும். காலையிலேயே கிளம்புங்கள், பிற்பகலில் கடற்காற்று பெரும்பாலும் எதிரே வீசும். பொயாக்கிலிருந்து ரயிலில் திரும்பிவிடலாம். இரண்டாம் நாள் லமார்க் துறையிலிருந்து படகில் மிதிவண்டியோடு எதிர்க்கரையில் உள்ள பிளாய் ஊருக்குச் செல்லுங்கள். அங்கே 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் வோபான் வடிவமைத்த கோட்டை இருக்கிறது. ஒரு கரையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு மறுகரையை எட்டாத அளவுக்கு ஆறு அகலமாக இருந்ததால், இந்தக் கரையில் ஒன்று, நடுத்தீவில் ஒன்று, எதிரே மெதோக் கரையில் ஒன்று என்று மூன்று அரண்களைக் கட்டிப் போர்டோவைக் காத்தார்கள். 2008-இல் மூன்றும் யுனெஸ்கோ மரபுச் சின்னங்களாயின. பிளாயிலிருந்து தெற்கே பூர் ஊரை நோக்கிச் செல்லும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளில் குறுகிய, செங்குத்தான ஏற்றங்கள் உண்டு. இடது கரையில் பூட்டியே வைத்திருந்த சஸ்பென்ஷனை அங்கே திறந்துவிடுங்கள்.

ஒயின் சுவைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிரான்சில் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் என்னும் வரம்பு மிதிவண்டி ஓட்டுகிறவருக்கும் பொருந்தும். சுவைத்துவிட்டுக் குடுவையில் துப்பிவிடுவதே அங்கே முறை. யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். பெரிய தோட்டங்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவது அரிது.

நீங்கள் போகும் அக்டோபரின் முதல் பாதியில் கபெர்னே அறுவடை இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். பாதையில் வரும் அறுவடை வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். அது வேட்டைக் காலமும்கூட; சதுப்பு ஓரங்களிலும் காட்டோரங்களிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்பதால், பளிச்சென்று தெரியும் நிறத்தில் உடுத்துங்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதன் பிறகு மாலை ஆறு மணி வாக்கிலேயே கதிரவன் மறைந்துவிடும். உங்கள் பயணம் அதற்குப் பிந்தையதாக இருந்தால், முன்னும் பின்னும் விளக்கைப் பொருத்திக்கொண்டு, லமார்க் படகின் கடைசி நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.