லாரிங்கோஸ்கோப்பை எப்போது கையில் வாங்குவது?

மயக்கவியல் பயிலும் ரெசிடென்ட், நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது பக்கத்தில் நிற்கும் சீனியர்களான நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் ரெசிடென்டாக இருந்தபோது, குரல்நாண்கள் அப்போதுதான் கண்ணில் படத் தொடங்கிய நேரத்தில், ஒரு சீனியர் என் கையிலிருந்து, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டார். ஏன் என்று சொல்லவே இல்லை. நோயாளிக்கு ஆபத்தா, நான் பிடித்த விதம் தப்பா, இல்லை சர்ஜன் அவசரப்படுத்தினாரா, எதுவும் தெரியாமல் அடுத்த பல நாட்கள் அதன் பிளேடைத் தொட்டாலே கை நடுங்கியது.

அதனால் மயக்க மருந்து ஏற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். "மூணு நிமிஷம் முழு ஆக்சிஜன் கொடுத்தாச்சு, ஆரோக்கியமான ஆள், நமக்கு நேரம் இருக்கு. ரத்தத்து ஆக்சிஜன் சாச்சுரேஷன் 94 சதவீதத்துக்கு வந்தா நிறுத்திட்டு மாஸ்க் போடுவோம். அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்." இவ்வளவுதான். ஆனால் உடல் பருமனானவருக்கும் கர்ப்பிணிக்கும் இதே தெம்போடு பேச முடியாது. ஏன் என்று ரெசிடென்டையே கேளுங்கள். நுரையீரலில் ஆக்சிஜன் கையிருப்பு குறைவு, உடம்பு செலவழிப்பதோ அதிகம் என்று அவர் வாயிலிருந்தே வரட்டும், பிறகு அது மறக்காது.

அப்புறம், காது. சாச்சுரேஷன் இறங்க இறங்க பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் ஒலி தணிந்துகொண்டே போகும் இல்லையா, மானிட்டருக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். விரலில் மாட்டிய கருவி காட்டும் எண் சற்று முந்தைய நிலையைத்தான் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டியூப் உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணை அல்ல, மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் அலை மானிட்டரில் வருகிறதா என்பதை.

நாம் வீணாக்குவது நடுவில் வரும் அமைதியான நேரத்தை. எனக்கு வருத்தமே இதில்தான். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் வாயு ஏற்றுகிறார்கள், நாடித் துடிப்பு சடாரென்று 40க்கு இறங்குகிறது, அனுபவசாலி "கேஸை நிறுத்துங்க, வயிற்றை விடுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு நாடித் துடிப்பை ஏற்றும் அட்ரோபினுக்குக் கை நீட்டுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் ரெசிடென்டுக்கு அட்ரோபின் மட்டும்தான் தெரியும். வயிற்று உறை இழுபட்டதால் இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டது, அதனால் காரணத்தை முதலில் விலக்கினேன் என்று, பிறகு வரும் அந்த அமைதியான நேரத்தில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதவரை உங்கள் தலைக்குள் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் "நல்லா பண்ணினீங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவதால் பயனில்லை. கேஸ் முடிந்த சூட்டோடு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: கைப்பிடி நீளும் திசையில் தூக்காமல் பல்லின் மேல் சாய்த்தீர்கள், அடுத்த கேஸில் அதை மட்டும் கவனியுங்கள், என்று.

போன வாரம் ஒரு ரெசிடென்ட், நான் வாய் திறப்பதற்குள், பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "94 வந்தா நானே நிறுத்திடுறேன், நீங்க மாஸ்கைத் தயாரா வெச்சுக்கோங்க."