உச்ச நீதிமன்றத்துக்கே "தவறு" என்று எழுதிய பேராசிரியர்: லோதிகா சர்க்கார்

வணக்கம். உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதற்கு மேல் போவதற்கு நீதிமன்றமே கிடையாது. அந்த நேரத்தில், சட்டம் கற்பிக்கும் நான்கு பேர் சேர்ந்து, 'இந்தத் தீர்ப்பு தவறு' என்று தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நான்கே வருடத்தில் இந்தியாவின் பாலியல் வன்முறைச் சட்டம் மாறியது.

அந்த நால்வரில் ஒருவரைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. லோதிகா சர்க்கார். பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றால் கமெண்டில் சொல்லுங்கள். நிறைய பேர் இருப்பீர்கள்.

[திரையில்: 1923 – 2013]

வாழ்க்கைக் குறிப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண். 1953-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே சட்டம் கற்பித்த முதல் பெண்ணும் அவர்தான். சரி, கடிதத்துக்கு வருவோம்.

1972 மார்ச் மாதம், மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். பழங்குடி இனத்தைச் சேர்ந்த, பெற்றோர் இல்லாத, கூலி வேலை செய்துவந்த ஒரு சிறுமி. வயது 14-லிருந்து 16-க்குள். ஒரு புகார் விசாரணைக்காக உறவினர்களோடு இரவில் அங்கே வந்திருக்கிறார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவரை மட்டும் உள்ளே நிறுத்திக்கொள்கிறார்கள். கதவு மூடப்படுகிறது. விளக்கு அணைகிறது. இரண்டு காவலர்கள் மீது வழக்கு. அவர் பெயராலேயே அந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. நான் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் கொஞ்ச நேரத்தில் வரும்.

செஷன்ஸ் நீதிமன்றம் விடுதலை செய்தது. பாம்பே உயர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடம்பில் காயமில்லை, கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை, ஆகவே சம்மதம் இல்லை என்று சொல்ல முடியாது. சுருக்கமாக அதுதான் வாதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கத்தியைக் காட்டிப் பர்ஸைக் கேட்கிறான், கொடுத்துவிடுகிறோம். சட்டையில் கிழிசல் இல்லை, கையில் கீறல் இல்லை. அதனால் அது அன்பளிப்பு ஆகிவிடுமா? பயத்தில் அடங்கிப்போவது வேறு, மனமொப்பிச் சம்மதிப்பது வேறு. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் நால்வரும் கையெழுத்திட்ட கடிதத்தின் உயிர்நாடி இதுதான். இரவு நேரம், காவல் நிலையம், எதிரே சீருடை. படிப்பும் பணமும் ஆள்பலமும் இல்லாத ஒரு சிறுமி அங்கே எப்படிக் கூச்சல் போடுவாள் என்று நீதிபதிகள் யோசித்தார்களா? உயர் நீதிமன்றம் யோசித்திருந்தது. பயத்தில் செயலற்றுப் போவது சம்மதம் ஆகாது என்று அது ஏற்கெனவே எழுதியிருந்தது. அதைத்தான் உச்ச நீதிமன்றம் புரட்டிப்போட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடிதத்தின் தொனி. நீதிமன்றத்துக்குரிய மரியாதை ஒரு வரியிலும் குறையவில்லை. கோபமும் குறையவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று யாராவது கிளப்பியிருந்தால் நால்வரின் நிலைமையும் சிக்கலாகியிருக்கும். தெரிந்துதான் எழுதினார்கள். வகுப்பில் மாணவர்களிடம் 'இந்தத் தீர்ப்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே! பேராசிரியர் வேலை அதோடு முடிவதில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தீர்ப்பை மீண்டும் பரிசீலிக்கக் கேட்ட மறுஆய்வு மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் கடிதம் பத்திரிகைகளுக்குப் போனது, பெண்கள் அமைப்புகளுக்குப் போனது. 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டத் திருத்தம் வந்தது. காவலில் நடக்கும் பாலியல் வன்முறை தனிக் குற்றமானது, குறைந்தபட்சத் தண்டனை 10 வருடம். அப்படிப்பட்ட வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று அந்தப் பெண் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவாக இது வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் அதே திருத்தத்தில்தான் குற்றமாக்கப்பட்டது. நான் ஏன் பெயர் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

அப்புறம், 1981-ல் பக்ஷியும் லோதிகாவும் இன்னொரு கடிதம் எழுதினார்கள். ஆக்ராவில் பெண்களுக்கான அரசுக் காப்பகத்தின் அவலம் பற்றி. இந்த முறை உச்ச நீதிமன்றம் அதை மனுவாகவே எடுத்துக்கொண்டு விசாரித்தது.

இன்னும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய அரசு ஒரு குழு போட்டது. லோதிகா அதில் உறுப்பினர். சட்டமன்றங்களில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு தேவையில்லை என்று குழுவின் பெரும்பான்மை முடிவெடுத்தது. லோதிகாவும் வீணா மஜும்தாரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1974 அறிக்கையில் 'ஒதுக்கீடு வேண்டும்' என்று தனிக் குறிப்பு எழுதி இணைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுக்கான அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது எப்போது தெரியுமா? 2023-ல். 49 வருடம்! அதைப் பார்க்க லோதிகா உயிரோடு இல்லை.

சட்டக் கல்லூரியில் படிக்கிறவர்கள் இதைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். 1978-ல் வந்த அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, 'துக்காராம் எதிர் மகாராஷ்டிரா அரசு', முதலில் படியுங்கள், சின்னத் தீர்ப்புதான். உடனே அந்தக் கடிதத்தையும் படியுங்கள். படித்துவிட்டு எந்த வரி உங்களை நிறுத்தியது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் நானே படித்துப் பதில் போடுகிறேன்.