முன் டிஃபரென்ஷியல்: சத்தம் எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். எஸ்டேட் ஜீப், மஹிந்திரா தார், பொலேரோ என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் ஏற்காட்டுக்குப் புதிதல்ல. நான்கு சக்கரத்துக்கும் தானாகவே இழுவை போகும் ஆல் வீல் டிரைவ் கார்களும் இப்போது சேலத்துத் தெருக்களில் கண்ணில் படுகின்றன. இவற்றில் எதிலாவது முன்பக்கம் இரைச்சல் கேட்டால், "முன் கிரௌன் போச்சுங்க, இறக்கிடலாம்" என்று முன் டிஃபரென்ஷியல் மேல் பழிபோடும் பேச்சு சீக்கிரமே வந்துவிடுகிறது. இறக்கிப் பார்த்தால் கிரௌன் நன்றாக இருக்கும், போனது வீல் பேரிங்காக இருக்கும். சத்தம் எங்கே என்று உறுதியாகாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். இன்று இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிட்டு, இழுவையையும் கொடுப்பதுதான் டிஃபரென்ஷியல். பெரிய பல்சக்கரம் கிரௌன், அதை ஓட்டும் சின்னது பினியன். கிரௌனோடு சேர்ந்த கூட்டுக்குள் இன்னும் சில சிறிய பல்சக்கரங்கள் உண்டு. வண்டி நேராகப் போகும்போது அவை தமக்குள் உருளுவதில்லை, கூட்டோடு சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். திரும்பும்போது மட்டும்தான் ஒன்றன்மேல் ஒன்று உருளும். ஆக, நேர்ச்சாலையில் அமைதியாக வந்து திருப்பத்தில் மட்டும் கரகரக்கும் வண்டியில் சந்தேகம் இந்தச் சின்னப் பல்சக்கரங்கள் மேல் விழ வேண்டும்.

இப்போது ஓட்டிப் பார்ப்போம். ஓமலூர் பக்கம் நான்கு வழிச்சாலையில், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் போங்கள். அதே 50-ல் நான்காம் கியருக்கு மாற்றுங்கள். எஞ்சின் சுற்று இறங்கும். இரைச்சலின் சுதியும் கூடவே இறங்கினால் கோளாறு எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம். சுதி மாறாமல் அப்படியே நின்றால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றுதான் கத்துகிறது.

அந்த ஏதோ ஒன்று டயராகவும் இருக்கலாம். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறும்போது சத்தம் மாறினால் டயர். டிஃபரென்ஷியலுக்கு ரோடு தெரியாது. வீல் பேரிங் என்றால் வளைவில் காட்டிக்கொடுக்கும். இடதுபக்கம் வளையும்போது பாரம் வலதுபக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங்கைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகரும்போது 'டக் டக் டக்' என்று வந்தால் ஆக்சிலின் வெளிப்பக்க ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும்.

இவை எல்லாம் இல்லையென்றால்தான் டிஃபரென்ஷியல். ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஏற்காடு மலைப்பாதையே சோதனைச்சாலை. அடிவாரத்திலிருந்து ஏறும்போது பல்லின் ஒரு முகத்தில் பாரம். காலை எடுத்துவிட்டு இரண்டாம் கியரில் இறங்கும்போது மறு முகத்தில் பாரம். ஏறும்போது மட்டும் 'ஊ' என்ற ஊளை கேட்டால் கிரௌன், பினியன் பற்களின் இழுக்கும் முகம் தேய்ந்திருக்கும். இறங்கும்போது மட்டும் கேட்டால் பினியன் பேரிங்கின் இறுக்கம் போயிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் ஒரே மாதிரி கொரகொரப்பு என்றால் பேரிங்தான். நியூட்ரலில் போட்டு இறங்கிக் கேட்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். மலைப்பாதையில் அது கூடவே கூடாது.

தார், ஜீப் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை மலைத்தார்ச்சாலையில் செய்ய முடியாது. டூ ஹையில், அதாவது பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலையில், முன் டிஃபரென்ஷியலுக்கு இழுவை போகாது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் ஹை போட்டுத்தான் கேட்க வேண்டும், அதை எஸ்டேட் மண்பாதையில்தான் போட வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் முன் டிஃபரென்ஷியல் கெடுவதற்கு இது பெரிய காரணம்.

இந்த வண்டிகளில் ஃபோர் ஹை போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்றும் கிடையாது. திருப்பத்திலோ முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அகலமாகச் சுற்றி வரும். இரண்டு ஆக்சிலுக்கும் இடைவெளி சுமார் 2.45 மீட்டர் உள்ள வண்டியை, பின்பக்கம் 6 மீட்டர் ஆரத்தில் வரும்படி அரைவட்டம் திருப்பினால், முன்பக்கம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். மண்ணிலோ சேற்றிலோ டயர் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கிரௌன் பினியன் பற்கள் மேல் ஏறும். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறுகிறோம், ஃபோர் வீல் போட்டால் நல்லது என்று நம்பி அடிவாரத்திலேயே போட்டுக்கொண்டு போனால், இருபது முறை அந்த முறுக்கு. வளைவில் ஸ்டீயரிங் கனக்கும், வண்டி திக்கித் திக்கி நகரும், மேலே போய் டூ ஹைக்கு மாற்றினால் லீவர் நகர மறுக்கும். வண்டி வாய்விட்டுச் சொல்கிறது, கேளுங்கள். தார் காய்ந்திருந்தால் டூ ஹை. மலையானாலும் டூ ஹை.

ஆல் வீல் டிரைவ் காரில் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு நடுவில் இருக்கிறது. அங்கே ஆபத்து டயரில். முன்பக்கம் ஒரு டயர் புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் நேர்ச்சாலையிலும் அந்தச் சின்னப் பல்சக்கரங்கள் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும்.

சரி, சந்தேகம் டிஃபரென்ஷியல் மேல் விழுந்துவிட்டது. அப்போதும் இறக்காதீர்கள். முதலில் ஆயிலைப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்கட்டும். ஊற்றும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும், வடிக்கும் பிளக்கை அல்ல. வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஆயில் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். பல வண்டிகளில் மொத்தமே ஒன்று, ஒன்றரை லிட்டர்தான், கால் லிட்டர் ஒழுகினாலும் பெரிய குறை. முன் ஆக்சிலில் பினியன் பின்னோக்கி இருப்பதால், நீண்ட இறக்கத்தில் ஆயில் அதைவிட்டு விலகி முன்பக்கம் ஓடும். ஆயில் குறைந்த வண்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கெடுதல்.

இப்போது வடியுங்கள். பல வண்டிகளில் வடிக்கும் பிளக்கில் காந்தம் இருக்கும். அதில் கண்மை மாதிரி வழவழப்பான சாம்பல் பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். விரலில் தேய்த்தால் நெருடுகிறதா? ஊசி ஊசியாக, செதில் செதிலாக இருக்கிறதா? பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. நறுக்கென்று ஒரு துண்டு கிடந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஐப்பசி மழையில் ஓடையைக் கடக்கும்போது, டிஃபரென்ஷியலின் சூடான வெளிக்கூடு சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்தக் கூடு மூச்சுவிடும் காற்றுக்குழாய் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகவே இழுக்கும். குழாயைச் சுத்தம் செய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

குறுக்கே எஞ்சின் வைத்த கார்களில் முன் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் ஆயிலும் ஒன்றே. அதில் வரும் பித்தளைப் பொடி கியர்பாக்ஸிலிருந்தும் வந்திருக்கலாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஜாக்கி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸோடு சேராமல் தனி முன் ஆக்சில் உள்ள வண்டியில், பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஷாஃப்ட் வந்து பூட்டும் பினியன் பிளேஞ்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சுற்றும் திசையில் சிறிது ஆட்டம் இருக்கலாம். மேலும் கீழுமாக ஆடினால் பேரிங் போய்விட்டது. இரண்டு சக்கரம் மட்டும் தூக்கிய நிலையில் எஞ்சினை ஓட்டிக் கியர் போடாதீர்கள், வண்டி ஸ்டாண்டைவிட்டுப் பாயும். டோ செய்வதானால் நான்கு சக்கரமும் லாரி மேல் ஏற வேண்டும்.

மாற்றும்போது கிரௌனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை திரும்பி வரும். பூட்டும்போது டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்துப் பற்களுக்கு இடையிலான இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள், கணக்கு அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். பினியன் நட்டு புதிதாகப் போடச் சொல்லுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல் ஓட்டி, அந்த ஆயிலை வடித்து, காந்தத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். வணக்கம்.