எதைக் கொடுக்கலாம், எது கிடைக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கரும்பலகை வேண்டும். வானொலியில் அது இல்லை. அதனால் நான் சொல்வதை மனத்திலேயே எழுதிப் பாருங்கள். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் இன்னும் நல்லது. இன்று பேசப்போவது சார்பு பற்றி. அதோடு ஒட்டிவரும் மதிப்பகம், வீச்சகம் பற்றியும்.

இயற்கணிதம் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளிடம் சார்பு என்றால் என்ன என்று கேளுங்கள். "எக்ஸ் வர்க்கம்" என்றோ "இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று" என்றோ ஒரு சூத்திரத்தைச் சொல்வார்கள். அது பாதி விடை. அந்தச் சூத்திரத்துக்குள் எந்த எண்களைக் கொடுக்கலாம் என்பதும் சேர்ந்தால்தான் சார்பு முழுமையாகும். கொடுக்கக்கூடிய எண்களின் தொகுப்புதான் மதிப்பகம். அப்படிக் கொடுத்த பிறகு உண்மையில் வந்து சேரும் விடைகளின் தொகுப்பு வீச்சகம். ஆசிரியராகத் தொடங்கிய காலத்தில் மதிப்பகத்தை நானும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். பிள்ளைகள் பின்னால் தடுமாறியதெல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தில் விட்டதால்தான்.

முதலில் சார்புக்கு உள்ள ஒரே நிபந்தனையைப் பார்ப்போம். எதைக் கொடுத்தாலும் விடை ஒன்று வரவேண்டும், ஒன்றே ஒன்றுதான் வரவேண்டும். ஒரு மனிதருக்குப் பிறந்த தேதி ஒன்றுதான். ஆளைக் கொடுத்தால் தேதி வரும், எனவே இது சார்பு. இரண்டு பேருக்கு ஒரே தேதி வரலாமா? தாராளமாக வரலாம், அதில் தவறே இல்லை. ஆனால் திருப்பிப் போட்டு, தேதியைக் கொடுத்து ஆளைக் கேட்டால், ஒரே தேதிக்குப் பல பேர் வந்து நிற்பார்கள். அது சார்பு ஆகாது.

எண்களிலும் இதே கதைதான். 3-ஐ வர்க்கப்படுத்தினால் 9, கழித்தல் 3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9. வர்க்கம் என்பது சார்பு. திருப்பிக் கேட்டால் 9-க்கு இரண்டு விடைகள் நிற்கின்றன. அதனால்தான் வர்க்கமூலக் குறிக்குள் 9 இருந்தால் விடை 3 மட்டுமே என்று கணிதத்தில் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். "கூட்டல் அல்லது கழித்தல் 3" என்று எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தக் குறியையும் ஒரு சார்பாக வைத்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று தெரிந்துவிட்டால் அந்தப் பிழை வராது.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. "எஃப் ஆஃப் எக்ஸ்" என்று எழுதும் முறையை 1734-இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் பயன்படுத்தினார். அடைப்புக்குறியைப் பார்த்ததும் எஃப்-ஐ எக்ஸால் பெருக்கவேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எஃப் என்பது வர்க்கம் என்றால், 2-ஐயும் 3-ஐயும் கூட்டி உள்ளே கொடுத்தால் 25 வரும். தனித்தனியாகக் கொடுத்துக் கூட்டினால் 4-உம் 9-உம் சேர்ந்து 13. பெருக்கலாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும்.

சரி, மதிப்பகத்துக்கு வருவோம். மெய்யெண்களில், அதாவது எண்கோட்டில் உள்ள எண்களில், தொடக்கநிலையில் இரண்டு தடைகள் போதும்: பூச்சியத்தால் வகுக்கக்கூடாது, குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கக்கூடாது. இது சுலபம்தான். ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4, அதை எக்ஸ் கழித்தல் 2-ஆல் வகுக்கிறோம். மேலே காரணிப்படுத்திச் சுருக்கினால் எக்ஸ் கூட்டல் 2 மிஞ்சும். அப்படியானால் இரண்டும் ஒரே சார்பா? இல்லை. முதலாவதற்குள் 2-ஐக் கொடுக்கவே முடியாது. சுருக்கிய பிறகு பின்னத்தின் கீழே இருந்த பகுதி கண்ணில் படாமல் போகிறது, தடை போவதில்லை. வரைபடம் போட்டால் ஒரே நேர்கோடுதான், ஆனால் அதில் ஒரு புள்ளி மட்டும் ஓட்டையாக நிற்கும். எக்ஸ் 2 ஆக முடியாததால் விடை 4 ஆக முடியாது. மதிப்பகத்தில் விழுந்த ஓட்டை வீச்சகத்திலும் ஓட்டையாகிறது.

என்னைக் கேட்டால் மூன்றிலும் கடினமானது வீச்சகம்தான். மதிப்பகம் பெரும்பாலும் பார்த்தவுடன் தெரியும். வீச்சகத்தை உழைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கல்லை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தரையிலிருந்து நேர் மேலே எறிகிறோம். காற்றின் தடையை விட்டுவிட்டு, ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். டி விநாடி கழித்து அதன் உயரம் 20 டி கழித்தல் 5 டி வர்க்கம். டி 0 ஆக இருக்கும்போது கல் தரையில், 4 ஆகும்போது மறுபடியும் தரையில். எனவே மதிப்பகம் 0 முதல் 4 வரை. 5-ஐப் போட்டால் சூத்திரம் மறுக்காமல் கழித்தல் 25 என்று விடை தரும். கல் தரைக்கு 25 மீட்டர் கீழே போனதாக அர்த்தம். அந்த எண்ணைத் தடுப்பது சூத்திரத்தின் வேலை இல்லை, மதிப்பகத்தின் வேலை.

வீச்சகம் என்ன? இரண்டு முனைகளையும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுவது பலருடைய வழக்கம். இங்கே இரு முனைகளிலும் உயரம் 0. அப்படியானால் கல் எழும்பவே இல்லையா? அந்தச் சூத்திரத்தை மாற்றி எழுதுங்கள்: டி-யிலிருந்து 2-ஐக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தி, 5-ஆல் பெருக்கி, 20-இலிருந்து கழிக்கிறோம். வர்க்கம் ஒருபோதும் குறை எண்ணாகாது. கழிபடுவது மிகக் குறைவாக இருப்பது டி 2 ஆகும்போது. அப்போது உயரம் 20. எனவே வீச்சகம் 0 முதல் 20 வரை.

இன்னொரு வழி, கேள்வியைத் திருப்பிக் கேட்பது. ஒன்றை எக்ஸ் கழித்தல் 3-ஆல் வகுத்தால் 0 வருமா? மேலே உள்ள தொகுதி பூச்சியமானால்தான் பின்னம் பூச்சியமாகும், இங்கே தொகுதி 1. எந்த எக்ஸைக் கொடுத்தாலும் வராது. வேறு எந்த எண்ணைக் கேட்டாலும் அதற்கு ஒரு எக்ஸ் கிடைக்கும். எனவே 0 மட்டும் வீச்சகத்தில் இல்லை.

சூத்திரமே வேண்டாம் என்ற அளவுக்கும் போகலாம். 1829-இல் டிரிக்ளே என்ற கணித அறிஞர் ஒரு சார்பைச் சொன்னார்: இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுதக்கூடிய விகிதமுறு எண்ணுக்கு ஒரு மதிப்பு, அப்படி எழுத முடியாத விகிதமுறா எண்ணுக்கு வேறொரு மதிப்பு. இரண்டையும் 1, 0 என்று வைத்துக்கொண்டால், மதிப்பகம் எல்லா மெய்யெண்களும், வீச்சகத்தில் இரண்டே எண்கள். அதை ஒரு கோடாக வரைந்து காட்டவே முடியாது. ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே விடை, ஆகவே சார்புதான். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

உங்களுக்கு ஒரு கணக்கு. சுற்றளவு 20 மீட்டர் உள்ள செவ்வகத்தின் ஒரு பக்கம் எக்ஸ் என்றால், மற்றது 10 கழித்தல் எக்ஸ். பரப்பளவை எக்ஸின் சார்பாக எழுதுங்கள். எக்ஸ் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போகலாம், முனைகள் சேருமா என்று பாருங்கள். அப்புறம் வீச்சகத்தில் 25 உண்டா, 0 உண்டா என்று யோசியுங்கள்.

நன்றி, வணக்கம்.