தவறான மின் பில்லும் 56ஆம் பிரிவும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மும்பையின் தென்கோடியான கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை நீளும் தீவு நகரப் பகுதியில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது மாநகராட்சிக்குச் சொந்தமான பெஸ்ட் நிறுவனம். 1905இல் தனியார் நிறுவனமாகத் தோன்றி, 1947 ஆகஸ்ட் 7 அன்று மாநகராட்சியின் கைக்கு வந்த அந்த நிறுவனத்தை அதன் சிவப்புப் பேருந்துகளைக் கொண்டே வெளியூரார் அறிவார்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ, மாதந்தோறும் வீடு தேடி வரும் மின் பில்லின் வழியாகவும் அது பழக்கமான பெயர். அந்த பில்லில் உள்ள தொகை தவறானது என்று ஒரு குடும்பம் உறுதியாக நம்பும்போது, இருளில் உட்காராமலும் செலுத்தத் தேவையில்லாத பணத்தை இழக்காமலும் அதை எதிர்த்து முறையிடுவது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இத்தகைய நேரத்தில் குடும்பங்கள் இரண்டில் ஒரு வழியில் போவதைப் பார்க்கிறேன். மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்களோ என்று அஞ்சி, கடன் வாங்கியாவது முழுத் தொகையையும் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவது ஒன்று. தவறு அவர்களுடையது, திருத்திய பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று அந்த பில்லையும் அடுத்தடுத்த பில்களையும் அப்படியே விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டாவது வழி நியாயமான கோபத்திலிருந்து பிறப்பது என்றாலும், சட்டத்தின் பாதுகாப்பைத் தன் கையாலேயே விட்டுவிடுவது அதுதான். கட்டாமல் இருப்பது மட்டுமே எதிர்ப்பு ஆகிவிடாது. எதிர்ப்பை எழுத்தில் தெரிவித்து, சட்டம் சொல்லும் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்தும் நுகர்வோருக்கே 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அரணாக நிற்கிறது.

அந்த அரண் சட்டத்தின் 56ஆம் பிரிவில் இருக்கிறது. கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் முழுமையாக 15 நாட்கள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் முதல் பகுதி. இது பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது அதைத் தொடர்ந்து வரும் விதிவிலக்கு. கேட்கப்படும் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதங்களில் செலுத்திய கட்டணத்தின் சராசரிப்படி ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்கிட்ட தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் ஒருவர் செலுத்தினால், தகராறு தீரும்வரை அவருடைய இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஆறு மாதச் சராசரி 1,400 ரூபாயாக இருந்த ஒரு வீட்டுக்குத் திடீரென்று 9,800 ரூபாய் பில் வந்தால், அந்தக் குடும்பம் 1,400 ரூபாயைச் செலுத்தி, ஆட்சேபத்துடன் செலுத்துவதாகக் கடிதமும் கொடுத்துவிட்டு வழக்கம்போல் விளக்கேற்றி வாழலாம். துண்டிப்பு அறிவிப்பு அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் இந்த விதியை அந்த அறிவிப்பிலேயே, மராத்தியிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அச்சுறுத்தும் பகுதியை மட்டும் படித்துவிட்டு வட்டிக்கடைக்கு ஓடும் குடும்பங்களுக்கு அது பெரும் துணையாக இருக்கும்.

இணையவழியில் முழுத் தொகையை மட்டுமே செலுத்த முடிகிறது என்றால், கடிதத்தின் இரண்டு பிரதிகளுடன் வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு நேரில் சென்று, சராசரித் தொகையை ஏற்கும்படி கேட்டு, ஒரு பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத கடிதத்தைக் கொடுக்கவே இல்லை என்று பின்னர் சொல்லிவிடலாம். கடிதத்தில் பில் அதிகமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது; எந்த மாதத்து பில், எந்த ரீடிங், எத்தனை யூனிட், அது எதனால் தவறு என்று குறிப்பாக எழுத வேண்டும்.

அப்படிக் குறிப்பாக எழுத வேண்டுமானால் பில்லைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கும் கட்டண முறையில், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட், 101 முதல் 300 வரை, 301 முதல் 500 வரை, 500க்கு மேல் என்று நான்கு படிகள் உண்டு. மேலே ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். நிலைக்கட்டணம், மின்சாரத்தைக் கொண்டுவரும் கட்டணம், எரிபொருள் சரிக்கட்டுக் கட்டணம் ஆகியவையும் சேர்ந்து, அவற்றின் மேல் 16 விழுக்காடு மின்வரியும் விழுகிறது. ஆகவே யூனிட் கணக்கில் நேரும் ஒரு பிழை அந்த யூனிட்டுகளின் விலையோடு நிற்காமல், படியையும் வரியையும் சேர்த்தே உயர்த்திவிடுகிறது.

மிகுதியாகக் கவனிக்க வேண்டிய பிழை, பல மாத யூனிட்டுகளை ஒரே மாதத்தில் ஏற்றிவிடுவது. மீட்டர் பூட்டிய அறைக்குள் இருந்ததாலோ வேறு காரணத்தாலோ இரண்டு மூன்று மாதங்கள் ரீடிங் எடுக்கப்படாமல் போய், பிறகு ஒருநாள் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதங்களுக்கும் சேர்த்து 540 யூனிட் என்றால், மாதத்துக்கு 180 யூனிட் என்று பிரித்துப் படிகளைக் கணக்கிட வேண்டும். அப்போது 300 யூனிட் முதல் படியிலும் 240 யூனிட் இரண்டாம் படியிலும் அமையும். மூன்றாம் படியை அந்தக் குடும்பம் தொடவே தொடாது. அதையே ஒரு மாதக் கணக்காகப் போட்டால் 100 யூனிட் மட்டும் முதல் படியிலும் 200 யூனிட் இரண்டாம் படியிலும் நிற்க, இன்னொரு 200 யூனிட் மூன்றாம் படிக்கும் 40 யூனிட் நான்காம் படிக்கும் போய்விடும். 2020 மார்ச்சில் ஊரடங்கால் ரீடிங் எடுப்பது நின்று, சராசரியைக் கொண்டு பில் போடப்பட்டு, ஜூனில் உண்மையான ரீடிங் வந்தபோது மும்பை முழுவதும் எழுந்த கொந்தளிப்பில் இந்தப் படிக்கணக்கு பற்றிய ஐயமே முன்னே நின்றது. குளிர்கால மாதங்களின் சராசரியை வைத்துக்கொண்டு, அனைவரும் வீட்டுக்குள்ளேயே இருந்த கோடை மாதங்களுக்குக் கணக்குப் போட்டால் மீதி பின்னால் குவியத்தான் செய்யும். அப்படிக் குவிந்ததை மாதவாரியாகப் பிரித்தார்களா என்று கேட்பது நுகர்வோரின் உரிமை.

இன்னொரு வகைப் பிழை மீட்டரிலேயே இருக்கலாம். பழைய கட்டடங்களிலும், சால் எனப்படும் மும்பையின் வரிசைக் குடியிருப்புகளிலும் எல்லா வீட்டு மீட்டர்களும் தரைத்தளத்தில் ஒரே பலகையில் இருப்பதால், ஒரு வீட்டின் வயர் இன்னொரு வீட்டு மீட்டரில் இணைந்துவிட வாய்ப்பு உண்டு. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒருவர் கீழே போய்ப் பார்த்தால், மீட்டரில் துடிக்கும் சிறு விளக்கு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த மீட்டரில் உங்களுடையதல்லாத சுமையோ மின்கசிவோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மீட்டரின் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, தேதி தெரியுமாறு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டு திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் தம் உண்மையான பயன்பாட்டுக்கு ஒத்துவரவில்லை என்று ஒருவர் முறையிட்டால், ஐந்து நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேட்காதவருக்கு இது தானாகக் கிடைக்காது. கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

பில் அப்பா பெயரில் இருக்கிறது, அல்லது பகடி வீட்டின் (முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் நெடுங்காலம் குடியிருக்கும் மும்பை முறை வீட்டின்) பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது, நாங்கள் எப்படி முறையிடுவது என்று தயங்குகிறவர்கள் நம் மக்களிடையே ஏராளம். சட்டத்தின் 2ஆம் பிரிவு நுகர்வோர் என்று யாரைச் சொல்கிறது என்றால், தற்போது இணைப்புள்ள இடத்துக்கு உரியவரையும் அதில் சேர்த்தே சொல்கிறது. பெயர் மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிப்பது நல்லது. ஆனால் அது முடியட்டும் என்று முறையீட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பழைய பாக்கி என்று திடீரென வரும் பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதன்முதலில் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கடந்த தொகையை, அது பில்களில் தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வந்தாலொழிய, வசூலிக்க முடியாது என்று 56ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறுகிறது. இதைக் கேட்டதும் பழைய தொகை எல்லாமே கழிந்துவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 2020 பிப்ரவரி 18 அன்று ரஹமத்துல்லா கான் வழக்கில், தவறான கட்டண வகையில் குறைவாக வசூலித்ததைப் பின்னர் கண்டறிந்து நிறுவனம் கூடுதல் பில் அனுப்பலாம், ஆனால் இரண்டாண்டுக் காலம் கடந்த அத்தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கும் வழியைக் கையாள முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தைக் கேட்பது வேறு, அதற்காக இருளில் தள்ளுவது வேறு என்று பிரித்துக் காட்டிய அத்தீர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அலுவலகத்தில் கொடுத்த கடிதத்துக்குத் தீர்வு கிடைக்காவிட்டால், சட்டத்தின் 42ஆம் பிரிவின்கீழ் அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. மகாராஷ்டிர விதிகளின்படி பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். மன்றத்தின் ஆணையில் நிறைவில்லை என்றால் 60 நாட்களுக்குள் மின்சார ஓம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மின்திருட்டு என்றோ அனுமதியற்ற பயன்பாடு என்றோ கூறி வரும் மதிப்பீட்டு ஆணைகள் மட்டும் இந்த மன்றத்துக்குள் வராது. அனுமதியற்ற பயன்பாட்டுக்கான இறுதி ஆணையை எதிர்க்க, 127ஆம் பிரிவின்கீழ், மதிப்பிட்ட தொகையில் பாதியைச் செலுத்தி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். எனவே வந்த காகிதத்தில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பதிலேயே அந்த 30 நாட்களும் ஓடிவிடக் கூடும்.

முழுத் தொகையையும் ஏற்கெனவே கட்டிவிட்டவர்களும் கை விட்டுவிட வேண்டியதில்லை. ஆணையம் வகுத்த கட்டணத்துக்கு மேல் வசூலித்த தொகையை வங்கி விகித வட்டியுடன் திரும்பப் பெறும் உரிமை 62ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவில் இருக்கிறது. மன்றத்துக்கு எழுதும்போது அசலோடு அந்த வட்டியையும் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆட்சேபக் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியையும், முந்தைய ஆறு மாத பில்களையும், மீட்டரின் படங்களையும் அந்த மனுவுடன் இணைத்துக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.