மணற்கல்லில் தொடங்கும் காஞ்சி

(காட்சி: விடியற்காலை. ஊரின் மேற்குக் கோடி. புல்வெளியில் தனியே படுத்திருக்கும் நந்தி. அதற்கு எதிரே மங்கிய பொன்னிறத்தில் கைலாசநாதர் கோயில்.)

காஞ்சிபுரத்துக்கு முதல் முறையாக வருபவர்கள் பெரும்பாலும் ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள் ஆகிய மூன்று சன்னிதிகளையும் தரிசித்து, ஒரு பட்டுப் புடவையை வாங்கிக்கொண்டு, மாலைக்குள் சென்னைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வழிபாட்டுக்கு அது போதும். ஆனால் ஊரைப் பார்க்க வருபவர்கள் இன்னொரு வரிசையில் சென்றால் இந்த நகரம் வேறொரு முகத்தைக் காட்டும் என்பது என் உறுதியான எண்ணம். எது பெரிய கோயில் என்று பாராமல், எது முதலில் எழுந்தது என்று பார்த்து நடக்க வேண்டும். அப்படி நடக்கும்போது, பல்லவரின் மணற்கல்லில் தொடங்கி விஜயநகரத்தின் கருங்கல்லில் முடியும் எட்டு நூற்றாண்டுகளை ஒரே நாளில் கடந்துவிடலாம்.

சென்னையிலிருந்து தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றுக்கும் வேகவதிக்கும் அருகில் காஞ்சிபுரம் இருக்கிறது. இங்குள்ள பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடைசாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கப்படும். ஆகவே காலையில் கிளம்பத் தாமதித்தவர்களுக்குப் பாதி ஊர் பூட்டிய கதவாகத்தான் தெரியும். சூரியன் எழும்போதே கைலாசநாதர் கோயிலில் இருப்பது நல்லது. கோயில் கிழக்கு நோக்கியது என்பதால் முதல் வெயில் நேராக முகப்பில் விழுகிறது.

(காட்சி: பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கத் தூண்கள். சுவரை ஒட்டிய சிறு கோயில்களின் வரிசை.)

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜசிம்மன் என்று அழைக்கப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் இந்தக் கோயிலைக் கட்டினான். ராஜசிம்மேச்சுரம் என்பது இதன் பழைய பெயர். முன்வரிசையில் நிற்கும் சிறு கோயில்களில் ஒன்றை எழுப்பியவள் அவனுடைய அரசி ரங்கபதாகை. வாயிலை அடுத்துள்ள சன்னிதியை எழுப்பியவன் மகன் மகேந்திரவர்மன். தந்தை, தாய், மகன் என ஒரு குடும்பமே தன் பெயரைக் கல்லில் விட்டுச் சென்ற இடம் இது.

உள்ளே நுழைந்ததும் பலரும் நேரே கருவறைக்குச் சென்றுவிடுகிறார்கள். சற்று நின்று, திருச்சுற்றை முதலில் வலம் வாருங்கள். மதிலின் உட்புறத்தை ஒட்டி 58 சிறு கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்கார்ந்து தியானம் செய்யும் அளவே உடையது. அவற்றின் உட்சுவர்களில் சில இடங்களில் மட்டும் செம்மண் நிறக் கோடுகள், ஒரு முகத்தின் பாதி, ஒரு கை, ஓர் ஆடையின் மடிப்பு என்று பழைய வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலம் பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்து கிடந்த இந்தப் பல்லவர் கால ஓவியங்களை, 1931ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் அடையாளம் கண்டார். இன்று நாம் வெறும் கல்லாகப் பார்க்கும் இந்தக் கோயில் ஒரு காலத்தில் வண்ணம் பூசி நின்றது என்பதை மனத்தில் கொண்டு மீண்டும் ஒருமுறை சுற்றினால், கண் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கும்.

அடித்தளத்தில் மழைநீரைத் தாங்கக் கருங்கல்லை வைத்து, அதன்மேல் செதுக்க இசைவான மணற்கல்லை அடுக்கியிருக்கிறார்கள். மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கும். அதே மென்மையால் காற்றுக்கும் மழைக்கும் கரையும். பல சிற்பங்கள் தேய்ந்திருப்பதும், சில இடங்களில் பிற்காலச் சுதை வேலை மூல வடிவத்தை மூடியிருப்பதும் இதனால்தான். கைபடுவதாலும் அவை கரைகின்றன. தயவுசெய்து எந்தச் சிற்பத்தையும் தொடாதீர்கள். குழந்தைகளைச் சிங்கத்தின் முதுகில் ஏற்றி நிழற்படம் எடுக்காதீர்கள்.

கருவறையில் பதினாறு பட்டைகள் கொண்ட லிங்கமும் அதன் பின்சுவரில், சிவனும் உமையும் நடுவே குழந்தை முருகனுமாக அமைந்த சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பமும் உள்ளன. கருவறையைச் சுற்றிவர ஒடுங்கிய பாதை ஒன்று இருக்கிறது. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்தே வெளிவர வேண்டிய அந்தப் பாதையைக் கடந்தவருக்கு மறுபிறப்பு இல்லை என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை.

(காட்சி: மண்டபத் தூணில் கன்னட எழுத்துகள். படக்கருவி மெல்ல நெருங்குகிறது.)

இந்தக் கோயிலில் ஒரே ஒன்றை மட்டும் பார்க்க நேரம் உண்டு என்றால், நான் இந்தத் தூணைத்தான் காட்டுவேன். பல்லவரும் வாதாபிச் சாளுக்கியரும் தலைமுறை தலைமுறையாகப் பகைவர்கள். முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வாதாபியைக் கைப்பற்றினான். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் வெற்றியோடு நுழைந்தான். பழிக்குப் பழி என்று ஊரே அஞ்சியிருக்க வேண்டிய நேரம் அது. அவனோ ராஜசிம்மேச்சுரத்தின் செல்வத்தைக் கண்டும் அதைக் கவர்ந்து செல்லாமல் இறைவனுக்கே திருப்பி அளித்தான் என்று கன்னடத்தில் வெட்டப்பட்ட இந்தக் கல்வெட்டு சொல்கிறது. பின்னர் அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இந்தக் காஞ்சிக் கோயிலின் சாயலைத் தெளிவாகக் காணலாம். இவ்வூர்த் தெருக்களில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். இந்தத் தூணின் முன்னால் நிற்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் பேச்சு வராமல் போகிறது.

பெரியபுராணத்தில் பூசலார் நாயனார் கதை வருகிறது. காடவர்கோன் எனப்படும் பல்லவ மன்னன் காஞ்சியில் பெருங்கற்றளி, அதாவது பெரிய கற்கோயில், எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். திருநின்றவூரில் பூசலார் தம் மனத்துக்குள்ளேயே கட்டி முடித்த கோயிலுக்கும் அதே நாள்தான். சிவபெருமான் அரசன் கனவில் தோன்றி, நாளைத் தள்ளிவை என்கிறார். அந்தக் கற்றளி இதுவே என்பது வழிவழியாக வரும் கருத்து. ராஜசிம்மன் அசரீரி வாக்கைக் கேட்டவன் என்று இக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டும் குறிப்பிடுகிறது. முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில் இது கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று வழங்கப்பட்டது.

(காட்சி: வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று. சிங்கத் தூண்களுக்குப் பின்னால் நீளும் சிற்ப வரிசை.)

அடுத்து ஊருக்குள் வந்து வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குச் செல்லலாம். திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடியது இதைத்தான். மூன்று நிலைகளில் மூன்று கருவறைகள்: கீழே அமர்ந்த கோலம், நடுவில் கிடந்த கோலம், மேலே நின்ற கோலம்.

இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் திருச்சுற்றுச் சுவர். பல்லவர் வரலாறு முழுவதும் அதில் சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபோது, அமைச்சர்களும் கடிகையாரும் நகரத்தாரும் பல்லவக் கிளைக் குடியைச் சேர்ந்த இரணியவர்மனை நாடிச் சென்றார்கள். அவனுடைய நான்கு மகன்களில் மூவர் மறுத்துவிட, பன்னிரண்டே வயதான இளையவன் பல்லவமல்லன் ‘நான் போகிறேன்’ என்று முன்வந்தான். சிறுவனை அனுப்பத் தந்தை தயங்கியதும், பிறகு அவன் காஞ்சிக்கு வந்து நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூடியதும் காட்சி காட்சியாக வருகின்றன. சில காட்சிகளின் அருகில் விளக்க எழுத்துகளும் உண்டு. நேர்வாரிசு அல்லாத ஓர் அரசன், தான் அரியணைக்கு வந்த வழியைத் தான் கட்டிய கோயிலின் சுவரிலேயே ஊரறியச் சொல்லிவைத்திருக்கிறான். அந்தச் சிற்பங்களும் மணற்கல்லே என்பதால் ஆண்டுக்கு ஆண்டு மங்கிவருகின்றன. இன்னும் தெளிவாகத் தெரியும் காலத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மேலே சொன்ன கடிகை என்பது உயர்கல்விக் கழகம். நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞன் காஞ்சிக் கடிகையில் கற்க வந்து, இங்கே நேர்ந்த ஒரு பூசலால் மனம் கசந்து, வாளேந்தித் தனி அரசை நிறுவினான். அவன் தொடங்கியதே கதம்பர் மரபு. நாலந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர். மணிமேகலை காப்பியமும் காஞ்சியில்தான் நிறைவுறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூறு பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். அவர் கண்ட அந்தப் பௌத்த நகரம் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

நண்பகலுக்கு முன் காமாட்சி அம்மன் கோயிலுக்குச் சென்றுவிடலாம். கரும்பு வில்லேந்திப் பத்மாசனத்தில் அமர்ந்த அம்மனின் முன்னால் ஸ்ரீசக்கரம் இருக்கிறது. காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னிதி வைக்காத மரபைக் கவனியுங்கள். ஊர் முழுமைக்கும் காமாட்சி ஒருத்தியே அம்மன். ஏகாம்பரநாதருக்கும் காமாட்சிக்கும் இடையில் முருகனின் குமரகோட்டம் அமைந்திருப்பதால், ஊரின் அமைப்பே ஒரு சோமாஸ்கந்த மூர்த்தம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய தலமும் குமரகோட்டமே.

(காட்சி: நெசவாளர் வீட்டின் உள்ளே குழித் தறி. நாடா ஓடும் ஓசை.)

நடைசாத்திய நேரத்தில் நெசவுத் தெருவுக்குப் போகலாம். கடையில் புடவையைப் பார்ப்பதும் தறியில் பார்ப்பதும் ஒன்றல்ல. கோர்வை முறையில் உடலுக்கு ஒரு நிறமும் இருபுறக் கரைகளுக்கு வேறொரு நிறமும் கொடுக்க மூன்று நாடாக்கள் தேவைப்படும். ஒரு கரையின் நாடாவைச் செலுத்த நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வோர் இழையிலும் கரையும் உடலும் ஒன்றோடொன்று கோக்கப்படுவதால்தான் அந்த இணைப்பு அத்தனை உறுதியாக நிற்கிறது. உள்ளே செல்லும் முன் அனுமதி கேளுங்கள். அது அவர்கள் வாழும் வீடு.

மாலை நான்கு மணிக்கு ஏகாம்பரநாதர். இங்கே கல் மாறுகிறது, அளவும் மாறுகிறது. 1509ஆம் ஆண்டு கிருஷ்ணதேவராயர் எழுப்பிய தெற்கு ராஜகோபுரம் ஏறத்தாழ 190 அடி உயரம் கொண்டது. காலையில் கைலாசநாதர் விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு இந்த மாற்றம் உடனே உறைக்கும். பல்லவர் கருவறையின் மேல் உயரம் தேடினார்கள். விஜயநகரத்தார் வாயிலின் மேல் உயரம் தேடினார்கள். பஞ்சபூதத் தலங்களில் இது நிலத்துக்கு உரியது; மணல் லிங்கம் என்பதால் மூலவருக்கு நீரால் அபிஷேகம் செய்வதில்லை. கம்பை ஆறு பெருகி வந்தபோது அம்மை அந்த லிங்கத்தைத் தழுவிக் காத்தாள் என்றும், அவள் தழுவலில் இறைவன் குழைந்தான் என்றும் தலபுராணம் கூறும். தழுவக் குழைந்தார் என்ற பெயர் அதனால் வந்தது. கண்ணிழந்த சுந்தரர் இடக்கண் பார்வையைப் பெற்றதும் இங்கேதான்.

(காட்சி: அந்தி. அனந்தசரஸ் குளம். நீரின் நடுவே நீராழி மண்டபம்.)

ஊரின் மறு கோடியில், சின்ன காஞ்சியில், அத்திகிரி எனப்படும் வரதராஜப் பெருமாள் கோயில். விஜயநகரக் காலத்து நூற்றுக்கால் மண்டபத்தை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பாயும் குதிரைகளில் வீரர்கள் அமர்ந்த தூண்களும், மேல் மூலைகளிலிருந்து தொங்கும் கல் சங்கிலியும் கருங்கல்லில் செய்தவை. காலையில் பார்த்த மணற்கல் உளிக்கு இணங்கியது. இந்தக் கல்லை இணங்க வைத்திருக்கிறார்கள்.

மண்டபத்துக்கு அருகே இருக்கும் அனந்தசரஸ் குளத்தின் அடியில் அத்தி மரத்தாலான ஆதி அத்திவரதர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரிலிருந்து எழுந்தருளுவது வழக்கம். 1939, 1979 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள், முதலில் சயனக் கோலத்திலும் பிறகு நின்ற கோலத்திலும் காட்சி தந்தார். இனி 2059இல்தான்.

சுக்கு, மிளகு, சீரகம் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் கோயில் இட்லி இந்தப் பெருமாளின் நைவேத்தியம். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளும் தங்க முடிந்தவர்கள் காலையில் வேகவதியைக் கடந்து ஜினகாஞ்சி என்ற திருப்பருத்திக்குன்றத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள திரைலோக்யநாதர் சமணக் கோயிலின் சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387ஆம் ஆண்டில் கட்டுவித்தது. அதன் கூரையில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியங்கள் வரிசை வரிசையாக விரிகின்றன. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலான நாள்களில் அந்த மண்டபத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.